ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்: கரிம உலோகச் சேர்மங்களில் இந்த விதி எங்கே நின்றுபோகிறது?

கேள்வி, பிப்ரவரி 3

கரிம உலோக வேதியியலில், அதாவது உலோகமும் கார்பனும் நேராகப் பிணைந்த சேர்மங்களில், இப்போதுதான் கை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பாரா-சைமீன் ருத்தீனியம் குளோரைடு இருபடி (இரண்டு அலகு சேர்ந்த மூலக்கூறு), செங்காவி நிறத் தூள். டொலுயீனில் கரையவே மாட்டேன் என்கிறது. டைகுளோரோமீத்தேனில் கரைந்தது. டிஎம்எஸ்ஓவில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) சட்டென்று கரைந்ததால் டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்எஸ்ஓவிலேயே என்எம்ஆர் (ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் நிறமாலை) எடுத்தேன். பீக் எதுவும் புத்தகத்தில் உள்ள இடத்தில் இல்லை. சூடாக்கி மறுபடி எடுத்தால் 7.1 பிபிஎம் அருகில் புதிதாக வேறு முளைத்திருக்கிறது. சேர்மம் கெட்டுவிட்டதா? "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும், முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்சுமை பிரிந்து நிற்கும் அளவு) அட்டவணையைப் பார்த்துக் கரைப்பானைத் தேர்ந்தெடு, அது போதும்" என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையிலேயே போதுமா?

பதில், பிப்ரவரி 3, இரவு

போதாது.

நீங்கள் குழாயில் போட்டது ஒன்று, கருவி பார்த்தது இன்னொன்று. அந்த இருபடியில் இரண்டு ருத்தீனியத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நடுவில் பாலமாக நிற்கும் இரண்டு குளோரைடுகள். டிஎம்எஸ்ஓ அந்தப் பாலத்தை உடைத்து, காலியாகும் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. இப்போது கரைசலில் உள்ள மூலக்கூறில் ஒரு ருத்தீனியம், ஒரு சைமீன், இரண்டு குளோரைடு, கூடவே ஒரு டிஎம்எஸ்ஓ. சூடாக்கினால் சைமீனையும் வெளியே தள்ளத் தொடங்கும். 7.1-இல் முளைத்தது அப்படி விடுபட்ட சைமீனின் வளைய ஹைட்ரஜன்கள்தான்.

டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் எடுத்துப் பாருங்கள். 5.47, 5.34 என்று இரண்டு இரட்டைப் பீக் வரவேண்டும். ஐசோபுரோப்பைலின் ஒற்றை ஹைட்ரஜன் 2.9 பக்கம், வளையத்தில் ஒட்டிய மெத்தில் 2.2-க்குச் சற்றுக் கீழே. வந்தால் உங்கள் தூளில் ஒரு குறையும் இல்லை.

"நன்றாகக் கரைகிறது" என்பதற்காக ஒரு கரைப்பானைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். நன்றாகக் கரைவதற்கு அது வினைபுரிந்ததே காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 4, காலை

முனைவுத்தன்மை ஏன் போதாது என்று நேற்று சொல்லாமல் விட்டுவிட்டேன். எண்களை வைத்தே பார்க்கலாம்.

மின்காப்பு மாறிலி (முனைவுத்தன்மையின் வழக்கமான அளவுகோல்): ஹெக்சேன் 1.9, டொலுயீன் 2.4, டைஎத்தில் ஈதர் 4.3, டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான், ஒரு வளைய ஈதர்) 7.5, டைகுளோரோமீத்தேன் 8.9, அசிட்டோநைட்ரைல் 36 பக்கம், டிஎம்எஸ்ஓ 47.

இப்போது குட்மன் வகுத்த கொடை எண், அதாவது ஒரு கரைப்பான் தன் எலக்ட்ரான் இணையை எவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் என்ற அளவு. ஆன்டிமனி பென்டாகுளோரைடோடு ஒரு கரைப்பான் மூலக்கூறு சேரும்போது எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்பதுதான் இதன் அடிப்படை, அலகு மோலுக்குக் கிலோ கலோரி. டைகுளோரோஈத்தேன் 0, அசிட்டோநைட்ரைல் 14.1, அசிட்டோன் 17, டைஎத்தில் ஈதர் 19.2, டிஹெச்எஃப் 20, டிஎம்எஸ்ஓ 29.8, பிரிடீன் 33.1.

இரண்டு வரிசையும் ஒத்துப்போகவில்லை, கவனித்தீர்களா? முதல் அட்டவணையில் ஈதர் டைகுளோரோமீத்தேனில் பாதிகூட இல்லை. இரண்டாவதில் ஈதர் எங்கேயோ மேலே நிற்கிறது, குளோரின் ஏறிய கரைப்பான்கள் தரையில் கிடக்கின்றன. கிரிக்னார்டு வினைபொருளுக்கு (ஒரு கரிமத் தொகுதியும் ஒரு ஹாலைடும் ஏறிய மெக்னீசியம்) தேவைப்படுவது இரண்டாவது அட்டவணை. ஃபினைல் மெக்னீசியம் புரோமைடை ஈதரிலிருந்து படிகமாக்கி 1964-இல் எக்ஸ் கதிர் அமைப்பு கண்டார்கள். மெக்னீசியத்தைச் சுற்றி நான்கு மூலையில் ஒரு ஃபினைல், ஒரு புரோமின், இரண்டு ஈதர். அந்த இரண்டு ஈதரும் தற்செயலாக ஒட்டியவை அல்ல, சேர்மத்தின் உறுப்புகள். அவற்றின் எத்தில் வால்கள்தான் வெளியே நீட்டிக்கொண்டு மீதி ஈதரோடு கலக்கின்றன. மெக்னீசியம் புரோமைடு போன்ற ஒரு உப்புக்கு உள்ளிருந்தே எண்ணெய்ச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி.

1900-இல் கிரிக்னார்டு ஈதரைப் பயன்படுத்தியதற்கும், 1950-களில் டிஹெச்எஃப் வந்த பிறகே வினைல் குளோரைடு, அரைல் குளோரைடு எல்லாம் வழிக்கு வந்ததற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. டிஹெச்எஃப்பில் ஆக்சிஜனின் இரு பக்கக் கார்பன்களும் பின்னால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன, அதனால் ஆக்சிஜன் உலோகத்துக்கு அருகில் போக இடம் கிடைக்கிறது. கொதிநிலையும் 35-க்குப் பதில் 66 டிகிரி. இரண்டும் சேர்ந்து உதவுகின்றன.

பிப்ரவரி 4, மாலை

யாரோ தனிச்செய்தியில் கேட்டார்: "அப்படியானால் கரைதிறன் என்ற பேச்சே தவறா? எல்லாமே வினையா?"

இல்லை. ஃபெரோசீனை (இரண்டு ஐங்கார்பன் வளையங்களுக்கு நடுவில் ஒரு இரும்பு) எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன், ஈதர், ஹெக்சேன் எல்லாவற்றிலும் கரையும், மெத்தனாலில் கொஞ்சம், தண்ணீரில் கிடையாது. உருகுநிலை 173 டிகிரி பக்கம், 100-ஐத் தாண்டினாலே பதங்கமாகும். ஒரு கரிமச் சேர்மம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே. இங்கே ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் விதி ஒழுங்காக வேலை செய்கிறது. காரணம் எளிது: இரும்பு 18 எலக்ட்ரானோடு நிறைவாக இருக்கிறது, இரண்டு வளையங்களுக்கு நடுவில் மறைந்தும் இருக்கிறது. கரைப்பான் தொட்டுப் பார்ப்பது வெறும் கார்பன், ஹைட்ரஜன் தோலை மட்டும். உள்ளே உலோகம் இருப்பதே அதற்குத் தெரியாது.

எனவே ஒரு சேர்மத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: உலோகத்தில் இடம் காலியாக இருக்கிறதா, அல்லது எளிதாகக் காலியாகுமா? இல்லை என்றால் பாடப்புத்தக விதியை நம்பலாம். ஆம் என்றால் கரைப்பானையும் ஒரு லிகண்டாக (உலோகத்தைப் பிடித்து நிற்கும் மூலக்கூறு அல்லது அயனி) கணக்கில் சேர்க்கவேண்டும்.

பிப்ரவரி 5

ஃபெரோசீனைப் பற்றி இன்னும் கொஞ்சம். மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது.

ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர், மேலே ஹெக்சேனில் கரைத்த ஃபெரோசீன். மேல் அடுக்கு ஆரஞ்சு மஞ்சள், கீழே நிறமில்லை. தண்ணீரில் கொஞ்சம் சீரிக் அம்மோனியம் நைட்ரேட் என்ற ஆக்சிஜனேற்றியைக் கரைத்து, மூடி, நன்றாகக் குலுக்கவேண்டும். விட்டுப் பார்த்தால் மேலே நிறம் வெளுத்திருக்கும், கீழ் அடுக்கு நீலமாகியிருக்கும். மூலக்கூறின் உருவம் ஏறக்குறைய அதேதான், போனது ஒரே ஒரு எலக்ட்ரான். அந்த ஒன்றுக்காக முழுச் சேர்மமும் வீடு மாறிவிடுகிறது. பிறகு அஸ்கார்பிக் அமிலத்தைப் போட்டுக் குலுக்கினால் நீலம் மறைந்து மஞ்சள் மறுபடி மேலே ஏறும்.

இதில் அடுத்த பாடம் துணை அயனி, அதாவது நேரயனிக்குப் பக்கத்தில் நிற்கும் எதிரயனி. நீலக் கரைசலில் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பைச் சேர்த்தால் ஃபெரோசீனியம் (எலக்ட்ரான் இழந்த ஃபெரோசீன்) தண்ணீரிலிருந்து வீழ்படிவாகிவிடும். அந்தத் திடத்தை அசிட்டோனிலோ அசிட்டோநைட்ரைலிலோ போட்டால் மறுபடி கரையும். நேரயனியில் எந்த மாற்றமும் செய்யவில்லை, பக்கத்தில் நிற்கும் ஆளை மாற்றினோம், அவ்வளவுதான். இதை எல்லைக்குக் கொண்டுபோனால் நான்கு பெரிய ஃபுளோரின் ஏறிய அரைல் வளையங்களைச் சுமக்கும் போரேட் அயனி, ஆய்வகப் பேச்சில் 'பார்ஃப்'. மின்சுமை அவ்வளவு பெரிய பரப்பில் பரவியிருப்பதால் நேரயனி அதைக் கட்டிப்பிடிக்க வழியில்லை. நேர்மின் அணைவு ஒன்று டொலுயீனில் கரையவேண்டுமா? குளோரைடை எடுத்துவிட்டுப் பார்ஃபைப் போடுங்கள்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

"கரைவது என்றால் வினையா" என்று கேட்டவருக்கு இன்னொரு எடுத்துக்காட்டு, எனக்கு மிகவும் பிடித்தது: டைஅயர்ன் நானாகார்பொனைல். இரும்பு பென்டாகார்பொனைலை அசிட்டிக் அமிலத்தில் வைத்து ஒளி பாய்ச்சினால் அபிரகத் தகடு போல மினுங்கும் பொன்னிறப் படிகமாக விழும். ஈந்திணையாத (எலக்ட்ரான் இணை கொடுத்து உலோகத்தைப் பிடிக்காத) எந்தக் கரைப்பானிலும் அது கரையாது, பென்சீனிலும் இல்லை, ஹெக்சேனிலும் இல்லை. டிஹெச்எஃப்பில் போட்டுக் கலக்கினால் மெல்ல மெல்லக் கரைசல் நிறம் ஏறும், திடம் காணாமல் போகும். கரைந்துவிட்டது என்று எழுதிவைப்பார்கள். உண்மையில் அது இரண்டாகப் பிளந்திருக்கிறது: ஒரு பாதி பென்டாகார்பொனைல், மறு பாதி நான்கு கார்பொனைலோடு ஒரு டிஹெச்எஃப் ஏறிய இரும்பு. செயற்கைமுறைகளில் பயன்படுவது இந்த இரண்டாம் பாதிதான். கரைப்பானை வெற்றிடத்தில் இழுத்தால் போட்டது அப்படியே திரும்பி வராது. ஆவியாகும் நச்சான பென்டாகார்பொனைல் வெற்றிடப் பம்புக்கு முன்னுள்ள குளிர்ப் பொறியில் போய்ச் சேர்ந்திருக்கும். பொறியைக் காலி செய்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 7

இதுவரை கரைசல் பக்கத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். திடத்தின் பக்கமும் கேட்கவேண்டும். ஒரு சேர்மம் கரையவில்லை என்றால் கரைப்பானுக்கு அதைப் பிடிக்கவில்லை என்றுதான் பொருளா? படிகத்தை விட்டு வெளியே வர அதற்கு மனமில்லாமலும் இருக்கலாம்.

மெத்தில் லித்தியம், பியூட்டைல் லித்தியம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெத்தில் லித்தியம் திடத்தில் நான்குபடி. அந்த நான்குபடிகளும் மெத்தில்கள் வழியாக அடுத்த நான்குபடியின் லித்தியத்தைத் தொட்டு, முழுப் படிகமும் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் ஹெக்சேனில் கரைவதில்லை. ஈதரைக் கொடுத்தால் ஒவ்வொரு லித்தியத்திலும் ஒரு ஈதர் உட்கார்ந்து, நான்குபடியைச் சிதைக்காமலே வலையை மட்டும் அவிழ்த்துவிடுகிறது. கடையில் அது ஈதர் கரைசலாகவே கிடைப்பதற்கு இதுவே காரணம்.

நார்மல் பியூட்டைல் லித்தியமோ அறை வெப்பநிலையில் நீர்மம், ஹெக்சேனில் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கும். உள்ளே லித்தியம் ஆறு சேர்ந்த கூடு, வெளியே பியூட்டைல் வால்கள். மூன்றாம்நிலை பியூட்டைல் லித்தியம் திடம்தான், ஆனால் நான்குபடிகள் ஒன்றையொன்று தொட முடியாமல் தனித்தனியாக நிற்பதால் பென்டேனில் கரைகிறது. கார்பன் லித்தியம் பிணைப்பு மூன்றிலும் ஏறக்குறைய அதே வகைதான். கரைதிறனைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள உடுப்பு.

ட்ரைமெத்தில்சிலைல், மூன்றாம்நிலை பியூட்டைல், நியோபென்டைல் எல்லாம் கரிம உலோக ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று இப்போது புரிந்திருக்கும். வினைத்திறனைக் கட்டுப்படுத்துவது ஒரு காரணம். பென்டேனில் கரைந்து ஃப்ரீசரில் படிகமாகும் என்பது இன்னொரு காரணம், அதைக் கட்டுரையில் எழுதமாட்டார்கள்.

பிப்ரவரி 7, இரவு

லித்தியத்தைப் பற்றி எழுதும்போது விட்டுப்போனது. பியூட்டைல் லித்தியத்தை டிஹெச்எஃப்பில் போட்டால் ஆறுபடி நான்குபடியாகவும் இருபடியாகவும் குறைகிறது. குளிர்விக்கக் குளிர்விக்க இருபடியின் பங்கு கூடும். "குளிரில் எல்லாம் கூடித்தானே கிடக்கும், எப்படிப் பிரியும்?" என்று யாராவது கேட்பார்கள். இருபடியாகப் பிரியும்போது லித்தியம் கூடுதல் டிஹெச்எஃப்பைப் பிடித்துக்கொள்கிறது. அலைந்துகொண்டிருந்த கரைப்பான் மூலக்கூறுகள் கட்டுண்டு போவதால் என்ட்ரோபி குறைகிறது, எனவே குளிர்தான் அதற்குத் தோது.

அதற்காக டிஹெச்எஃப்பில் கரைத்துப் பத்திரமாக எடுத்துவைக்க நினைக்காதீர்கள். பியூட்டைல் லித்தியம் டிஹெச்எஃப்பையே தின்னும், எத்திலீன் வாயுவும் அசிட்டால்டிஹைடின் லித்தியம் ஈனோலேட்டும் மிஞ்சும். கரைப்பான் உலோகத்தோடு நெருங்கிப் பழகுவதன் விலை.

பிப்ரவரி 9

டிஹெச்எஃப்பைத் துரத்துவதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அவருக்கு இது நீளமாகவே வரும். என் ஆய்வு வாழ்க்கையில் பாதி இதில்தான் போனது.

வழக்கமான செயற்கைமுறை: உலோகக் குளோரைடு, லிகண்டின் லித்தியம் உப்பு, டிஹெச்எஃப். வினை முடிகிறது. லித்தியம் குளோரைடு உண்டாகியிருக்கவேண்டும், ஆனால் ஃபிளாஸ்கில் வெள்ளையாக எதுவும் இல்லை, தெளிவான கரைசல். புதிதாக வருகிறவர்கள் வினை நடக்கவில்லை என்று பயப்படுவார்கள். நடந்திருக்கிறது. லித்தியம் குளோரைடு டிஹெச்எஃப்பில் கரைந்து நிற்கிறது, அவ்வளவுதான். டிஹெச்எஃப்பை வெற்றிடத்தில் இழுத்துவிட்டு டொலுயீன் ஊற்றினால் அப்போது வரும் அந்த வெள்ளை. அதுவும் வீழ்படிவு என்று சொல்ல முடியாத, பால் கலங்கிய மாதிரி ஒரு கலங்கல். சாதாரணக் கண்ணாடி வடிகட்டியில் ஊற்றினால் முதலில் அப்படியே ஊடுருவும், அப்புறம் துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்காது. செலைட் என்ற வடிகட்டுத் தூளை அடுக்கி, அவசரப்படாமல், அழுத்தம் கொடுக்காமல் இறக்கவேண்டும். அல்லது ஒரு இரவு அசையாமல் வைத்துவிட்டு மேலே தெளிந்ததை கேனுலாவில் (நீண்ட ஊசிக் குழாய்) எடுக்கவேண்டும்.

இதில் முக்கியமான தந்திரம், டொலுயீன் ஊற்றுவதற்கு முன் டிஹெச்எஃப் முழுக்கப் போயிருக்கவேண்டும். பிசுக்கான எண்ணெயாக இருக்கும்போதே டொலுயீனை ஊற்றினால் மிஞ்சிய டிஹெச்எஃப் லித்தியத்தைக் கையைப் பிடித்து டொலுயீனுக்குள் அழைத்துப் போய்விடும். கொஞ்சம் டொலுயீன் ஊற்றி, மறுபடி உலரும்வரை இழுத்து, திரும்பவும் ஊற்றி இழுத்தால் ஓரளவு போகும்.

ஓரளவுதான். லாந்தனைடு, இட்ரியம் மாதிரிப் பெரிய உலோகங்களில் லித்தியம் குளோரைடு சேர்மத்தோடேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு பென்டாமெத்தில்சைக்ளோபென்டாடையீனைல் ஏறிய இட்ரியம், இரண்டு குளோரைடு பாலம், மறுமுனையில் இரண்டு டிஹெச்எஃப் போட்ட லித்தியம்: இப்படி உப்பையும் சேர்த்துக்கொண்ட ஒரு 'ஏட்' அணைவு ஒழுங்காகப் படிகமாகும், எக்ஸ் கதிரிலும் அழகாக வரும். உங்களுக்கு வேண்டியது மட்டும் அதுவல்ல.

இதற்கு என் தீர்வு எளிது. முடிந்தால் லித்தியம் உப்பை விட்டுவிட்டு சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பைப் பயன்படுத்துங்கள். சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் டிஹெச்எஃப்பில் நிற்காது, வினை நடக்க நடக்கவே விழுந்துவிடும்.

என்எம்ஆரில் சரிபார்க்க: டியூட்டீரியம் ஏற்றிய பென்சீனில் தனி டிஹெச்எஃப் 3.57, 1.40 பிபிஎம். பீக் அந்த இடத்தை விட்டு நகர்ந்தோ அகன்றோ இருந்தால், ஆள் போகவில்லை, உலோகத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "கிரிக்னார்டு கரைசலில் டையாக்ஸேன் ஊற்றினால் வீழ்படிவு வருகிறது. டையாக்ஸேன் முனைவற்றது, அதனால் உப்பு வெளியே விழுகிறது. முனைவுத்தன்மை விதியே இங்கே போதுமே."

மின்காப்பு மாறிலி 2.2 என்பது சரிதான், முடிவுதான் இடிக்கிறது. காரணம் அதுவென்றால் ஹெக்சேன் ஊற்றினாலும் அதே காரியம் நடக்கவேண்டும். ஹெக்சேன் வீழ்த்தினால் வேறுபாடு பார்க்காமல் வீழ்த்தும். டையாக்ஸேன் தேர்ந்தெடுத்து மெக்னீசியம் ஹாலைடை மட்டும் இழுக்கிறது. அதற்கு எதிரெதிரே இரண்டு ஆக்சிஜன். ஒரு பக்கம் ஒரு மெக்னீசியம், மறு பக்கம் இன்னொன்று என்று பிடித்து, ஹாலைடை நீண்ட பலபடிச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. சங்கிலி கரையாது, விழுகிறது. கரைசலில் ஷ்லெங்க் சமநிலை, அதாவது இரண்டு கிரிக்னார்டு மூலக்கூறு ஒரு டைஆல்கைல் மெக்னீசியமாகவும் ஒரு மெக்னீசியம் ஹாலைடாகவும் மாறும் அந்தச் சமநிலை, ஹாலைடு வெளியேற வெளியேற வலப்பக்கம் நகர்கிறது. வடிகட்டினால் கையில் டைஆல்கைல் மெக்னீசியம். ஷ்லெங்கும் அவர் மகனும் 1929-இல் எழுதிய சமநிலை, இன்றைக்கும் அதே முறையில்தான் செய்கிறோம்.

ஆனால் இந்தக் கேள்வி நல்லது செய்திருக்கிறது. முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால் உலோகத்தோடு ஈந்திணையும் கரைப்பான் எப்போதும் கரைதிறனைக் கூட்டும் என்று தோன்றும். டையாக்ஸேன் நேர்மாறு. ஒரு கையால் பிடிக்கும் கரைப்பான் சங்கிலியை அவிழ்க்கும், இரண்டு கையை எதிரெதிர்த் திசையில் நீட்டும் கரைப்பான் சங்கிலி கோக்கும்.

அவிழ்ப்பதற்கு எடுத்துக்காட்டு பல்லேடியம் குளோரைடு. குளோரைடு பாலங்களால் ஆன பலபடி, சாதாரணக் கரைப்பான்கள் எதிலும் போகாது. பென்சோநைட்ரைலில் சூடாக்கினால் இரண்டு நைட்ரைல் ஏறிய தனி மூலக்கூறாகி, பிறகு டொலுயீனில்கூடக் கரையும்.

இதே வேலையைக் கரைப்பான் அல்லாமல் உப்பும் செய்யும். ஐசோபுரோப்பைல் மெக்னீசியம் குளோரைடோடு சம அளவு லித்தியம் குளோரைடு சேர்த்து 2004-இல் நோசல் குழு வெளியிட்ட 'டர்போ கிரிக்னார்டு' டிஹெச்எஃப்பில் கூடுதலாகக் கரைகிறது, வினையும் வேகம். நேற்று நான் திட்டித் தீர்த்த அதே லித்தியம் குளோரைடுதான்!

பிப்ரவரி 12

கொடை எண்ணைப் பற்றி இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். அதை அளந்தது ஆன்டிமனி பென்டாகுளோரைடை வைத்து, அது ஒரு கடினமான (எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளியாத) லூயி அமிலம், எலக்ட்ரான் இணையை வாங்கிக்கொள்ளும் சேர்மம். லித்தியம், மெக்னீசியம், அலுமினியத்துக்கு அந்த எண் நல்ல வழிகாட்டி. மென்மையான உலோகங்களிடம் போனால் ஏமாற்றும். அசிட்டோநைட்ரைலுக்கு 14.1 என்று குறைவான எண்தான், ஆனால் தாமிரம்(I), வெள்ளி(I), பல்லேடியம்(II), ருத்தீனியம்(II) ஆகியவை ஈதரை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும்.

டிஎம்எஸ்ஓ இன்னும் சுவாரசியம். கடின உலோகத்தை ஆக்சிஜனால் பிடிக்கும், உங்கள் ருத்தீனியத்தைச் சல்ஃபரால் பிடிக்கிறது. அளவுகோலில் நிற்கும் டிஎம்எஸ்ஓவும் உங்கள் குழாயில் வேலை செய்த டிஎம்எஸ்ஓவும் வேறு வேறு முனையால் வேலை செய்தவை. அதனால் எண்ணைப் பாருங்கள், கூடவே உலோகத்தையும் பாருங்கள்.

பிப்ரவரி 12, இரவு

சின்னக் குறிப்பு. கரைந்துவிட்டது என்பதால் அயனிகள் பிரிந்துவிட்டன என்று எண்ணவேண்டாம். சோடியம் டெட்ராகார்பொனைல் கோபால்டேட் டிஹெச்எஃப்பில் நன்றாகக் கரையும். அகச்சிவப்பில் பார்த்தால், தனியாக நிற்கும் நான்முகி அயனிக்கு 1890 அருகில் ஒரே கார்பொனைல் பட்டைதான் வரவேண்டும். டிஹெச்எஃப்பில் கூடுதல் பட்டைகள் தெரியும், ஏனென்றால் சோடியம் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு சமச்சீரைக் குலைக்கிறது. கிரௌன் ஈதரைப் போட்டுச் சோடியத்தை மூடிவிட்டால் பட்டைகள் எளிமையாகும். வினை வேகமும் பல நேரம் கூடவே மாறும். ஒரே கரைப்பான், ஒரே செறிவு, வேறு சேர்மம் போல நடந்துகொள்ளும்.

பிப்ரவரி 14

தண்ணீரில் கரிம உலோகச் சேர்மம் கரையவே கரையாதா என்றொரு கேள்வி. கரைய வைக்கலாம், உலோகத்தைத் தொடாமலே. ட்ரைஃபினைல் பாஸ்பீனின் மூன்று வளையத்திலும் ஒவ்வொரு சல்ஃபோனேட் ஏற்றினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கும் மேல் கரைகிற லிகண்ட் கிடைக்கும். அதை ரோடியத்தில் மாட்டி 1984-இல் ஓபர்ஹவுசனில் ரூர்கெமி ஆலை புரோப்பீனின் ஹைட்ரோஃபார்மைலேற்றத்தை (ஆல்கீனோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்த்து ஆல்டிஹைடாக்குவது) தொடங்கியது. வினையூக்கி தண்ணீர் அடுக்கில், ஆல்டிஹைடு மேல் அடுக்கில், குழாயைத் திறந்து பிரித்துவிடலாம். புரோப்பீன் தண்ணீரில் கொஞ்சமாவது கரையும், அதனால் நடக்கிறது. ஆக்டீன் போன்ற நீள ஆல்கீன்கள் தண்ணீர்ப் பக்கமே எட்டிப்பார்க்காது, எனவே அங்கே வேகம் படுத்துவிடும்.

1994-இல் ஹோர்வாத்தும் ராபாயும் காட்டியது இதன் மறுபக்கம்: நீண்ட ஃபுளோரோகார்பன் வால் வைத்த பாஸ்பீன். பெர்ஃபுளோரோமெத்தில்சைக்ளோஹெக்சேனும் டொலுயீனும் அறை வெப்பநிலையில் தனித்தனி அடுக்கு, சூடாக்கினால் ஒன்றாகும். வினையைச் சூட்டில் நடத்தி, ஆறவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

ஃபெரோசீனைக்கூட மாற்றம் செய்யாமல் தண்ணீருக்குள் கொண்டுபோகலாம். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரை மூலக்கூறின் குழிக்குள் ஒன்றுக்கு ஒன்று என்று போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் எழுதிய அதே கதைதான், தோலை மாற்றினால் கரைப்பான் ஏமாறும்.

பிப்ரவரி 15

படிகமாக்கும்போது எண்ணெயாகப் பிரிகிறது என்று இரண்டு பேர் புலம்பியிருக்கிறார்கள். பல நேரம் அது அவசரம். டைகுளோரோமீத்தேன் கரைசல் மேல் பென்டேனை ஒரேயடியாகக் கொட்டினால் யாருக்கும் எண்ணெய்தான் வரும். குழாயின் சுவர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, எல்லைக்கோடு கலையாமல் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். போய்விடுங்கள் என்றால் உண்மையிலேயே போய்விடவேண்டும். மணிக்கொரு முறை தூக்கிப் பார்த்தால் வராது.

ஆனால் அயனிச் சேர்மம், அரோமேட்டிக் கரைப்பான் என்றால் வேறு சாத்தியமும் உண்டு. அட்வுட் ஆராய்ந்த திரவக் கிளாத்ரேட்டுகள்: அயனிகள் பென்சீன் அல்லது டொலுயீன் மூலக்கூறுகளைத் தங்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டு கீழே ஒரு நீர்ம அடுக்காக நிற்கும், மேலே ஏறக்குறையத் தூய டொலுயீன். எத்தனை நாள் வைத்தாலும் இரண்டும் கலக்காது. கீழ் அடுக்கு அசுத்தம் என்று நினைத்து வீசிவிட்டால் மொத்தச் சேர்மமும் குப்பையில்.

படிகம் வந்தபின்னும் நிம்மதி இல்லை. தாய்க் கரைசலை விட்டு வெளியே எடுத்த சில நிமிடத்தில் கண்ணாடி போல இருந்தது சுண்ணாம்பாக வெளுத்துவிடும், படிகக்கூட்டில் இடைவெளி நிரப்பிக்கொண்டிருந்த கரைப்பான் ஆவியாகிவிட்டது. எண்ணெயில் மூழ்க வைத்தே எக்ஸ் கதிருக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், கிரிக்னார்டு பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்கிறவர்கள் அடியில் படிகம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிரிஞ்சைக் குத்துங்கள். கட்டியிருந்தால் மேலே உள்ள கரைசலின் செறிவு லேபிளில் உள்ளது அல்ல. அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, எல்லாம் கரைந்தபின் டைட்ரேட் செய்யுங்கள்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: குளோரோஃபார்மில் ஒரே ஒரு தொகுதி, 5.47, 5.34. சரி, தூள் நல்ல தூள்தான். டிஎம்எஸ்ஓவில் எடுத்ததையும் தூக்கிப்போடாதீர்கள், டிஎம்எஸ்ஓ அணைவு என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது இதே இருபடியை டிஎம்எஸ்ஓவில் கரைத்துச் செல்களில் போட்டுச் சோதிக்கப் போகிறேன் என்று வந்தால் காட்டலாம். அவர்கள் சோதிக்கப்போவது எதை என்று முதலில் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

அவர் கூடவே கேட்டது: அடுத்த படியில் அமீன் லிகண்ட் சேர்க்கவேண்டும், டைகுளோரோமீத்தேனில் ஒரு வாரம் கலக்கவிடலாமா? இந்த இருபடியைப் பொறுத்தவரை கரைப்பான் சரி. அமீனைப் பொறுத்தவரை ஒரு வாரம் நீளம். வலுவான கருக்கவர் அமீன்கள் டைகுளோரோமீத்தேனையே மெல்லத் தாக்கும். மெத்தனாலில் முயன்று பாருங்கள், குளோரைடு ஒன்று வெளியேறி அயனி அணைவாகப் போக அது தோது. அப்படிப் போனால் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பைச் சேர்த்து வீழ்த்திக்கொள்ளலாம்.